கறுப்பு டைல்ஸ்

"அடுப்பாண்ட கறுப்பா? இன்னாடி, சோறு ஆக்குற எடமா, எழவு வூடா அது?"

கோவிந்தம்மா போட்ட சத்தத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்த அந்த டைல்ஸ் கடையே திரும்பிப் பார்த்தது.

மருமகள் நர்மதா அசையவில்லை. "கறுப்புதான் அத்த. பூவு, பழம்னு எந்த டிசைனும் வேணாம். மொத்தமா கறுப்பு."

மகன் மணிக்குக் காசிமேட்டில் விசைப்படகு வேலை. மீன் மணக்காத நாள் அந்த வீட்டில் கிடையாது. வறுக்கிற எண்ணெய் தெறித்துத் தெறித்து அடுப்புக்குப் பின்னால் சுவர் மஞ்சளாகி, காரை உதிர்ந்து குழம்புச் சட்டியிலேயே விழ ஆரம்பித்துவிட்டது. டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று மணி சொன்னபோது கோவிந்தம்மாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைக்குள் கால் வைத்ததும்தான் சனியன் பிடித்தது.

மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்தால் சீக்கிரம் கிளம்ப மாட்டார்கள் என்பது கடைக்கார பக்ருதீன் பாய்க்குத் தெரியும். முதலிலேயே எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு, நன்றாக விற்கிற டைல்ஸ் ஒன்றை எடுத்து நிறுத்தினார்.

கோவிந்தம்மா அதைக் கையால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

"இதான் ஜோரா கீது பாய். வெள்ளையில ரோசாப்பூ போட்டு, எவ்ளோ லட்சணம்!"

"பூ இல்லீங்கம்மா, அது..."

"அது வேணாம் பாய், உள்ள வைங்க" என்று நர்மதா குறுக்கே விழுந்து வெட்டினாள். பெரிய மனுஷனைப் பேசக்கூட விடவில்லை. வாய் ரொம்பத்தான் நீண்டுவிட்டது இவளுக்கு.

"கறுப்புல அப்படி இன்னாதான் கீது?" என்றான் மணி.

"அழுக்கு தெரியாது."

பாய் சிரித்துவிட்டார். "தப்புக் கணக்கு தங்கச்சி. கறுப்புலதான் எல்லாம் தெரியும். எண்ணெப் பிசுக்கு, உப்புத் தண்ணிக் கறை, இந்த ஏரியாவுல பறக்குற சாம்பல்னு அத்தனையும் பல்லை இளிக்கும். தெனம் ரெண்டு வாட்டி தொடைக்கணும்."

"கேட்டுக்கினியா? சோம்பேறித்தனத்துக்குக் கறுப்பு கேட்டா, அது உனக்கே வேலை வெக்குதாம்!" என்று கோவிந்தம்மா கைகொட்டினாள்.

"தொடைக்கிறேன். இருந்தாலும் கறுப்புதான்."

மணி தலையைச் சொறிந்தான். "அம்மா சொல்றத எடுப்போம் நர்மதா. ஆக்குறது அவங்கதானே?"

அந்த வார்த்தை கோவிந்தம்மாவுக்குச் சுருக்கென்றது.

கண்ணில் புகை படிந்த மாதிரி ஆகி ரொம்ப நாளாகிவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மீன் வறுபட்டதை எண்ணெயின் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். சலசலப்பு அடங்கினால் திருப்பிப் போட வேண்டியதுதான். அடுப்பு எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்பதுதான் பிடிபடுவதில்லை. போன வாரம் முந்தானை கருகியபோது கொசுவர்த்தி மேல் பழியைப் போட்டுத் தப்பித்தாள்.

எதிர் வீட்டு வியாகுலம்மாளுக்கும் கண் இப்படித்தான் மங்கியது. மகனுக்குத் தெரிந்த அன்றே, "ஆக்கினது போதும், நீ குந்து" என்று உட்கார வைத்துவிட்டான். ஊருக்கே நண்டுக் குழம்பு ஆக்கிப் போட்டவள், இப்போது யாராவது தட்டைக் கொண்டுவந்து நீட்ட மாட்டார்களா என்று டிவி முன்னால் கிடக்கிறாள். அந்தக் கதி தனக்கும் வந்துவிடக் கூடாதே என்று கோவிந்தம்மா கும்பிடாத சாமி இல்லை.

மருமகளோ இப்போதே அடுப்படியில் அதிகாரம் பண்ணக் கிளம்பிவிட்டாள்.

"என் அடுப்படி. நான் சொல்றதுதான்" என்றாள் கோவிந்தம்மா.

"வேற எது வேணா உன் இஷ்டம் அத்த. இதுல மட்டும் வுட மாட்டேன். கறுப்பு இல்லன்னா டைல்ஸே வேணாம்."

"அய்ய, பேஜாரு புடிச்ச கும்பலு! எதையாவது எடுத்துத் தொலைங்க. நான் போய் வண்டி பாக்குறேன்" என்று மணி வெளியே போய்விட்டான். பாய் கறுப்பு டைல்ஸ் பெட்டியை எடுக்கக் குடோனுக்குள் போனார்.

கோவிந்தம்மாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "என்னை அடுப்படிய வுட்டே தொரத்தணும்னு முடிவு கட்டிட்ட. இல்லடி?"

நர்மதா வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தாத அத்த, அவுரு காதுல வுழப்போவுது. அடுப்பு எரியுதான்னு நீ கைய நீட்டி நீட்டிப் பாக்குறத நான் தெனம் பாத்துகினுதான் கீறேன். யாருக்கும் சொல்லல. கண்ணு ஆஸ்பத்திரிக்கு நானே இட்டுகினு போறேன், பயப்படாத. அது வரிக்கும் வெள்ளைச் செவுத்துல உனக்கு நெருப்பு தெரியாது அத்த, கறுப்புலதான் நீலமா பளிச்சுனு தெரியும். நீ பாட்டுக்கு ஆக்கிகினு இரு. தொடைக்கிறத நான் பாத்துக்கறேன்."