யார் வீட்டு கேமரா?

"லைவை நிறுத்தும்மா! நிறுத்துன்னு சொல்றேன்ல!"

பெண்ணின் பெரியப்பா உள்ளங்கையால் லென்ஸைப் பொத்தினார்.

நான் ஸ்டாண்டோடு பின்னால் நகர்ந்தேன். அவர் கை காற்றில் நின்றது. திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி அணையவில்லை.

சற்று முன்புதான் அது நடந்தது. பதிவு அதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, வழக்கமான குரலில் மணப்பெண்ணைக் கேட்டார். இந்தத் திருமணத்துக்குச் சம்மதமா?

பெண் முதலில் அந்த வெளிநாட்டு அதிகாரியின் மொழியிலேயே பதில் சொன்னாள். பிறகு மாலையை ஒதுக்கி, நேராக என் கேமராவைப் பார்த்து, நம் பாஷையில் சொன்னாள்.

"எனக்குச் சம்மதமில்லை."

கடலுக்கு அந்தப் பக்கம், இரு வீட்டுச் சொந்தங்களும் ஆளுக்கொரு போனில் இந்தக் கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசா கிடைக்காதவர்கள், லீவு கிடைக்காதவர்கள், முழங்கால் ஒத்துழைக்காதவர்கள். அவர்கள் எழுதுவது திரையின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

'பொண்ணு என்ன சொல்லுச்சு?'

'சவுண்டு சரியா கேக்கல.'

'எனக்கு நல்லாவே கேட்டுச்சு அத்தை. முடியாதுன்னுடுச்சு.'

யாரோ ஒரு பெரியவர் விவரம் தெரியாமல் இதயமாக அழுத்திக்கொண்டிருந்தார். சிவப்பு இதயங்கள் பெரியப்பாவின் முகத்துக்கு மேலேயே மிதந்து போயின.

காலையில் மேக்கப் அறையிலேயே விஷயம் என் காதில் விழுந்திருந்தது. ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று பிளேன் ஏற்றிக் கூட்டி வந்தவர் பெரியப்பா. வந்து இறங்கியதும் பெண்ணின் பாஸ்போர்ட் அவர் கைப்பைக்குள் போய்விட்டது. ஊரில் மட்டும் வேறு கதை. பெண்ணே ஆசைப்பட்டுத் தலையாட்டினாளாம்.

இப்போது லைவ் நின்றால் என்ன ஆகும் என்று அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும். சிக்னல் போச்சு, பொண்ணுக்கு லேசா மயக்கம் என்று ஊருக்குத் தகவல் போகும். பெண்ணைப் பக்கத்து அறைக்குள் தள்ளிக்கொண்டு போவார்கள். வெளியே வரும்போது அவள் சம்மதம் என்பாள்.

நாலு பேர் பார்க்கும்வரைதான் அந்த 'இல்லை'க்கு உயிர்.

பெரியப்பா மாப்பிள்ளையின் அப்பா பக்கம் திரும்பினார்.

"உங்க ஆள்தானே இது? நிறுத்தச் சொல்லுங்க சம்பந்தி!"

"எங்க ஆளா? பொண்ணு வீட்டு கேமரான்னு இல்ல நாங்க இருந்தோம்! காலையில டிபன்கூட உங்க பக்கத்துலதானே உக்காந்து சாப்பிட்டாங்க?"

நம் கல்யாணங்களில் இது சகஜம். கழுத்தில் ஒரு கேமரா, முகத்தில் கொஞ்சம் அவசரம், அது போதும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்பார்கள். கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமே என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். லைவ் லிங்க் வந்ததும் அது யார் அனுப்பியது என்றுகூடப் பார்க்காமல், இரண்டு பக்கமும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தட்டிவிட்டிருந்தார்கள்.

பெரியப்பாவின் கண்கள் சுருங்கின.

"அப்போ உன்னைக் கூப்பிட்டது யாரு?"

போனில் பேசி முடிவான வேலை. என்ன நடந்தாலும் லைவை நிறுத்தக் கூடாது. கூப்பிட்டது யார் என்று வாயைத் திறக்கக் கூடாது. இந்த நிபந்தனைக்குச் சரி என்றுதான் வந்திருந்தேன்.

"என்னைக் கூப்பிட்டவங்க வந்து சொல்லட்டும் சார், நிறுத்திடறேன்."

அவர் விருட்டென்று பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"உன் வேலைதானாடி இது?"

கை ஓங்கிவிட்டது.

நான் அந்தக் கையை ஜூம் செய்தேன். திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் அப்படியே நின்றன.

அவரும் கேமராவைப் பார்த்துவிட்டார். ஓங்கிய கை மெல்ல வளைந்து, இல்லாத முடியைக் கோதிக்கொண்டது.

"ஆமா பெரியப்பா," என்றாள் பெண். தலை குனியவில்லை. "நான்தான் வரச் சொன்னேன். நான் சொல்றேன், நிறுத்தாதீங்கக்கா."

பச்சைப் பொய்.

இன்று காலைவரை அவள் முகத்தை நான் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. கேமரா யாருடையது என்று யாருக்கும் தெரியாத அந்த இடைவெளியில் புகுந்து, அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். என்ன விழுந்தாலும் அவள் முதுகில்தான் விழும். தெரிந்தேதான் சொன்னாள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். விழுங்கிக்கொண்டேன்.

அப்போது மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். காலையிலிருந்து நான் "கொஞ்சம் சிரிங்க சார்" என்று கெஞ்சியும் பல்லைக் காட்டாத மனிதர். இதுவரை அந்த ஹாலில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவுமில்லை.

"அவங்க இல்ல," என்றார். போனில் கேட்ட அதே குரல். "இவங்களைக் கூப்பிட்டது நான்."

"டேய், உக்காருடா!" என்று அலறினார் அவருடைய அப்பா.

உட்காரவில்லை. கழுத்து மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பெண் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"லைவ் ஓடுதா?" என்று என்னைக் கேட்டார்.

தலையாட்டினேன்.

அவர் பதிவு அதிகாரியின் பக்கம் திரும்பி, அவருடைய மொழியில் சொன்னார்.

"சார், என்னை நீங்க இன்னும் கேக்கலை. கேளுங்க."