கொள்ளிக்கு ஒரு கருவி

அன்று மழை பெய்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. பந்தலில் சட்டை நனைந்த நினைவிருக்கிறது; அது வியர்வையாகவும் இருக்கலாம்.

செத்த தகப்பனின் மரபணு எந்தப் பிள்ளையிடம் அதிகமோ, அந்தப் பிள்ளைதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ச் சங்கம் விதி போட்டிருந்தது. அண்ணன் தம்பிச் சண்டையைத் தீர்க்க அறிவியலைக் கூப்பிட்டார்களாம்.

மாடசாமிப் பெரியப்பா இறந்ததும் மகன்கள் செண்பகராஜும் வேலவனும் சங்கம் வாங்கிய மரபணு அளக்கும் கருவியில் எச்சில் துப்பினார்கள். படுக்கையில் கிடந்தவருக்குக் கடைசிவரை மலம் அள்ளிய மகள் கோமதி, "எனக்கும் பாருங்க" என்றாள்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத்தா?" என்று சங்கத் தலைவர் சிரித்தார். "சரி, ஆசைக்குத் துப்பிட்டுப் போ."

மகன்கள் இருவருக்கும் ஒரே அளவு வந்தது. கோமதிக்குச் சற்று அதிகம்.

"எந்த வீட்டுலயும் இப்படித்தான் வரும்" என்றான் கருவிக்காரன். "அப்பன் மகனுக்குக் குடுக்குறதுல ஒண்ணு குட்டித் துண்டு. மகளுக்கு அதுக்குப் பதிலா பெரிய துண்டு."

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"மெஷினு புதுசுய்யா. அதுக்கு நம்ம வழக்கம் தெரியாது."

"பீ அள்ளும்போது எந்த வழக்கமும் குறுக்க வரலியே மாமா" என்றாள் கோமதி.

அவளைச் சுடுகாட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மகன்கள் சேர்ந்து கொள்ளி வைத்தார்கள். மறு மாதமே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினார்கள். தலைவர் அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். கருவி சங்க அலமாரியில் துருப்பிடித்தது. கோமதி போன வருடம் கோயம்புத்தூரில் இறந்தாள். அவள் மகள்கள் யாரையும் கேட்காமல் கொள்ளி வைத்தார்கள்.