எண்பது கிலோ

வண்டியும் ஆளும் சேர்ந்து எண்பது கிலோவைத் தாண்டினால் தும்பி நகராது. ஒரு நாள் வெயிலில் நின்றால் ஒரு வாரம் ஓடும் வண்டி. அதை விட்டால் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போக வேறு வழியும் இல்லை.

சௌடேஸ்வரிக்கு நாலாம் மாதத்தில் தும்பி முதன்முறையாக மக்கர் பண்ணியது. "எடையைக் குறையுங்கள்" என்றது. வயிற்றில் இருப்பதை எங்கே போய்க் குறைப்பது? அவள் ஸ்குரூடிரைவரை எடுத்து மட்கார்டைக் கழற்றினாள். ஆறாம் மாதம் மழைக்கூரை போயிற்று. எட்டாம் மாதம் கதவு. ஒன்பதாம் மாதம், கண்ணுக்கு நேராக ஓயாமல் விளம்பரம் காட்டிக்கொண்டிருந்த திரையைப் பிடுங்கி வீட்டு மூலையில் போட்டாள்.

மறுநாள் காலையிலேயே வண்டி நிறுவனத்து ஆள் வாசலில் நின்றான்.

"கதவெல்லாம் உங்க இஷ்டமுங்க. திரையில மட்டும் கை வைக்கக் கூடாது. மாட்டித்தான் ஆகோணும். இல்லீன்னா வண்டிய நிறுத்திப்போடுவோம்."

"திரை எத்தனை கிலோங்க?"

"ரெண்டே முக்கால்."

அவள் ஸ்கேன் சீட்டை நீட்டினாள். "என்ற புள்ளையும் ரெண்டே முக்கால்தானுங்க. ரெண்டுல ஒண்ணத்தான் தும்பி சுமக்கும். எதை எறக்கோணும்னு நீங்களே கைப்பட எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அவன் சீட்டைப் பார்த்தான். வயிற்றைப் பார்த்தான். பேனாவை எடுக்கவில்லை.

அவள் திரையைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்துவிட்டு வண்டியில் ஏறினாள். தும்பி ஒரு சொல்லும் சொல்லாமல் கிளம்பியது. பிடுங்கியும் அணையாத திரை, அவன் கையில் குழந்தைகளுக்கான பால்பவுடர் விளம்பரத்தைப் பாடிக்கொண்டிருந்தது.