சுகுமாறனுக்கு ஒரு சீட்

"அந்த சீட்டுக்கு ஆள் வருது, பைய எடுத்துக்கம்மா," என்றார் குமுதவல்லி.

புனிதா பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கோலாலம்பூரில் புறப்பட்ட வேன் சிரம்பானைத் தாண்டித் தோட்டத்துச் சாலையில் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்குப் பக்கத்து சன்னலோர இடம் மட்டும் காலியாகவே இருந்தது.

"யாரு ஆன்ட்டி வர்றாங்க?"

"மகன். திரும்பிப் போறப்பத்தான் ஏறுவான். அவன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவத்தான் நானே வந்தேன்."

கோபித்துக்கொண்டு போன பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் புனிதா. மேற்கொண்டு தோண்டவில்லை.

மலையடிவாரத்து முனியாண்டி கோயிலில் வேனை நிறுத்தி, தர்மராஜ் சூடம் ஏற்றினான். சனி ஞாயிறானால் நகரத்து ஆட்களை மலைக்குக் கூட்டிப்போவது அவன் தொழில். பிறந்தது இந்தத் தோட்டத்தில். எதற்கெடுத்தாலும் கிண்டலடிக்கும் அவனுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது.

"காட்டுக்குள்ள யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. 'ஹோய்'னு சத்தம் குடுங்க, போதும். பேரச் சொன்னா அது கேட்டுக்கும். பின்னாலயே வீடு வரைக்கும் வந்துரும்."

இளவட்டங்கள் சிரித்தன. குமுதவல்லி சிரிக்கவில்லை.

"நெசமாவே வீடு வரைக்கும் வருமா தம்பி?"

"வரும் ஆன்ட்டி. பயந்துட்டீங்களா? நான் இருக்கேன்லா!"

செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கியதும் ஏற்றம் ஆளைக் கொன்றது. முட்டியைப் பிடித்துக்கொண்டு பத்தடிக்கு ஒரு தரம் நின்ற அந்த அம்மாவைப் பார்க்கவே புனிதாவுக்குப் பாவமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மகன கீழயே வரச் சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி?"

"அவன் உச்சிப் பாறைகிட்டத்தாம்மா இருப்பான்."

பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. வந்தவர்கள் செல்ஃபியில் இறங்கிவிட்டார்கள். விளிம்பில் புதிதாகக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குமுதவல்லி பள்ளத்தையே பார்த்தபடி நின்றார். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"சுகுமாறா! அய்யா, சுகுமாறா! அம்மா வந்திருக்கேண்டா! வாடா, வீட்டுக்குப் போவலாம்!"

தர்மராஜ் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அய்யய்யோ ஆன்ட்டி! படிச்சுப் படிச்சு சொன்னேனே! லேட்டானா போன் அடிச்சுக் கேட்டிருக்கலாம்லா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் இறங்கத் தொடங்கினார்.

கீழே எல்லாரும் வேனில் ஏறினார்கள். சன்னலோர இடம் இன்னும் காலி. பெற்றவள் இத்தனை தூரம் தேடி வந்தும் மனசிரங்காதவன் என்ன பிள்ளை என்று புனிதாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஊருக்குத் திரும்புகிற சந்தோஷமே போய்விட்டது.

தர்மராஜ் முகம் வெளுத்து வந்து நின்றான். "ஆன்ட்டி, எறங்கி முனியாண்டி கால்ல விழுந்துட்டு வந்துருங்க. வெளையாட்டு இல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டீங்க, ஒங்க பின்னாலயே வந்துரும்!"

குமுதவல்லி காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மெல்லப் பூட்டினார்.

"வரட்டும் தம்பி. போன வருசம் அவன் ஒடம்ப மட்டுந்தானே எறக்கிக் குடுத்தாங்க."