குற்றாலத்திலிருந்து உங்கள் கோமதிநாயகம்

தோசைக்கல் புகையத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அடுப்பை ஏன் பற்றவைத்தோம்?

மாவு ஆட்டியே மாதக்கணக்காகிறது. வீட்டுக்காரர் மாசியில் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் ஒருத்திக்காக யார் மெனக்கெடுவது? மத்தியானச் சோறு மிச்சமிருந்தால் அதிலேயே இரவும் கழிந்துவிடும்.

இப்போது வெறும் கல் காய்ந்துகொண்டிருக்கிறது.

காதுக்குள் அந்தக் குரல் இன்னும் கிடந்தது. முன்னறை டிவியில் இப்போதுதான் சொல்லி முடித்த குரல்.

"பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுவதால், மெயினருவியில் இன்று காலை முதல் குளிக்கத் தடை விதிக்கப்பட்டுள்ளது. குற்றாலத்திலிருந்து, ஒளிப்பதிவாளர் பேச்சிமுத்துவுடன், உங்கள் கோமதிநாயகம்."

அவரேதான். 'உங்கள்' என்பதற்கு முன்னால் ஒரு இருமலை விழுங்குவாரே, அதுகூட அப்படியே.

அடப் பாவி மனுசா!

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். சேலைத் தலைப்பு கதவுக் கொண்டியில் மாட்டியது. பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

டிவியில் ஜவுளிக்கடை விளம்பரம். பட்டுச்சேலை கட்டிய ஒருத்தி சுற்றிச் சுற்றி வந்தாள்.

"தள்ளுடீ அந்தப் பக்கம்" என்று அவளை ஏசினாள்.

அவள் தள்ளவில்லை. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிச் சிரித்தாள்.

இருபது வருசத்துக்கு மேல் தென்காசி லோக்கல் சேனலில் அவர்தான் செய்தி. பகலெல்லாம் அலைந்து எடுத்ததைச் சாயங்காலம் போடுவார்கள். அது ஓடும்போது அவர் ஆபீசை விட்டு இறங்கி ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருப்பார். 'உங்கள் கோமதிநாயகம்' என்று காதில் விழுந்ததும் இவள் அடுப்படியில் கல்லைப் போடுவாள். கல் காயவும் ஆள் வாசலுக்கு வரவும் சரியாக இருக்கும்.

ஊருக்கெல்லாம் 'உங்கள்'. வீட்டுக்கு வந்தால் தோசை எங்கே என்பதோடு சரி.

ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

மழையில் குடையைப் பேச்சிமுத்துவின் கேமராவுக்குக் கொடுத்துவிட்டு, தொப்பலாக நனைந்துகொண்டே பேசுவாராம்.

சீசன் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்போதே அருவிக்கரையிலிருந்து நேரலையில் செய்தி சொல்வாராம். "இது யாரு வீட்டு ராசாத்தி? ஓடி வந்து கூட்டிட்டுப் போங்க" என்பாராம். லாட்ஜில் அதைப் பார்த்துவிட்டுப் பெற்றவர்கள் அழுதுகொண்டு ஓடி வந்தால், சில பிள்ளைகள் அவர் கழுத்தை விடாதாம்.

எல்லாமே 'பேசுவாராம்', 'சொல்வாராம்'தான். அவள் எங்கே பார்த்தாள்?

கல் காய்ந்துவிடக் கூடாது என்று அடுப்படியில் நின்றாள். எதிர்வீட்டுக்காரி, "அண்ணாச்சிய நேத்து டிவியில பாத்தீயளா மதினி?" என்று கேட்டால், "அந்த மூஞ்சியத்தான் தெனமும் பாக்கேனே" என்பாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நிற்கப்போகிற ஆளை டிவியில் வேறு பார்க்க வேண்டுமாக்கும் என்று இருந்துவிட்டாள்.

மகள் போனில் அனுப்பிய அவருடைய பழைய வீடியோக்கள் இருக்கின்றன. ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. அதெல்லாம் போய்ச் சேர்ந்த மனுசன். இன்றைக்கு வந்தவர் இன்றைக்கு மழையில் நின்றுகொண்டு, 'இன்று காலை முதல்' என்றார்.

ஒன்பது மணிக்கு அதே செய்தியை மறுபடியும் போடுவார்கள்.

நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். மூக்குக்கண்ணாடியைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவி, தலையை ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். என்னத்துக்கு என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

போன் அடித்தது. பேச்சிமுத்து.

"மதினி, தப்பா எடுத்துக்கிடாதீய. மழையில இன்னைக்கு எடுத்த படம் வந்து சேரல. ஆபீசுல போன வருசத்துப் படத்த எடுத்துப் போட்டுட்டாவ."

அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"வருசா வருசம் அதே தண்ணி, அதே தடை. ஒருத்தனும் கவனிக்கல, மதினி. பஸ் ஸ்டாண்டு பழக்கடைக்காரர் போன் பண்ணி அழுதாரு, அப்பந்தான் தெரிஞ்சுது."

அவருடைய பேச்சையெல்லாம் அருவி இரைச்சலுக்குள் பக்கத்தில் நின்று கேட்டவன் அவன்தான்.

"ஒம்பது மணிச் செய்தியில அத தூக்கிருதோம். இனிமே அப்படி வராது. ஒங்களுக்கு மனசு என்ன பாடு பட்டிருக்கும்!"

நல்ல பிள்ளை. நல்லதுதான் செய்கிறான். சரிப்பா என்று சொல்ல வாயைத் திறந்தாள். கண் கடிகாரத்துக்குப் போனது.

வேறு என்ன சொல்வது? இந்த வயதில், செத்த புருசனை டிவியில் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றா? கேட்கிறவன் என்ன நினைப்பான்? வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

"மதினி? லைன்ல இருக்கீயளா?"

"தூக்காத பேச்சிமுத்து."

"என்னது மதினி?"

"நான் அடுப்படியில நின்னுட்டேன். இன்னும் பாக்கல."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரி" என்றான். "உக்காந்து பாருங்க, மதினி."