வாட்ச்மேன் வீரையாவின் விலா எலும்புகள்

"பீடி உண்டா?"

"இருந்துச்சுங்க. இப்பக் கொறச்சுட்டேன்."

"எவ்வளவு கொறச்சிருக்கீங்க?"

"ஒரு நாளைக்கு ஒரு கட்டுதாங்க."

டாக்டர் சுமலதா முகம் மாறாமல் எழுதிக்கொண்டார். ஊட்டியில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில், மூச்சைப் பாதிப் பாதியாக விட்டுக்கொண்டு வீரையா படுத்திருந்தார். முழு மூச்சு விட்டால் வலித்தது.

நடுவட்டம் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் வாட்ச்மேன். வயது அறுபத்தெட்டு. முந்தின நாள் மத்தியானம் கேட் பக்கத்தில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவரை, கொழுந்து பறிக்கும் தெய்வம்மா நெஞ்சை அமுக்கிப் பிழைக்கவைத்தார் என்பதுதான் எஸ்டேட் முழுக்கப் பேச்சு. பிழைத்த வகையில் மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன.

அந்தத் தெய்வம்மா இப்போது கட்டிலருகே ஸ்டூலில், போலீஸ் கூப்பிட்டு வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

"வீசிங்குக்கு மாத்திரை ஏதாவது?"

"மெடிக்கல்ல சின்னதா வெள்ளை மாத்திரை குடுப்பாங்க. அஞ்சாறு வருசமா அதுதாங்க."

"யார் எழுதிக் குடுத்தது?"

"யாரும் எழுதலீங்க. மெடிக்கல்காரரே குடுத்தாரு. நல்ல மனுசன்."

"அது ஸ்டீராய்டு. எலும்பை அரிச்சிரும். இதுக்கு முன்னாடி விழுந்து எதாவது ஒடஞ்சிருக்கா?"

"போன வருசம் வழுக்கி மணிக்கட்டு ஒடஞ்சுது."

"தண்ணி?"

வீரையா தெய்வம்மாவைப் பார்த்தார். தெய்வம்மா ஜன்னலைப் பார்த்தார்.

"நல்ல நாள்ல மட்டும்ங்க."

"இவருக்கு எல்லா நாளும் நல்ல நாளுதாங்க" என்றார் தெய்வம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே.

டாக்டர் பேனாவை மூடினார். "வயசு, பீடி, தண்ணி, ஸ்டீராய்டு, ஏற்கெனவே விழுந்து ஒடஞ்ச கை. ஒண்ணு விடாம வெச்சிருக்கீங்க. இப்படி இருக்கிற எலும்பு பலமா இருமினாலே ஒடையும். இந்தம்மாவைக் குத்தம் சொல்ல முடியாது."

"முதலுதவிப் பயிற்சியில பொம்மையைக் குடுத்து அமுக்கச் சொன்னாங்க" என்றார் தெய்வம்மா. "டக்குனு சத்தம் வந்தா சரியா அமுக்குறோம்னு அர்த்தமாம். இவருகிட்டயும் டக்குனு வந்துச்சு. சரியாத்தான் போகுதுன்னு நெனச்சேனுங்க."

"உங்க வயசு?"

"அம்பத்தெட்டுங்க."

"மாதவிலக்கு நின்னதுக்கு அப்புறம் பொம்பளைங்களுக்கும் எலும்பு தேயும். நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துருங்க. அதுவரைக்கும் உங்களை யாரும் அமுக்காமப் பாத்துக்குங்க."

அப்போது மேனேஜர் லெஸ்லி உள்ளே வந்தார். கையில் சால்வை. பின்னாலேயே படம் எடுக்கச் செல்போனும் கையுமாக ஆபீஸ் கிளார்க். வீரையாவின் பாதி மூச்சு கால் மூச்சானது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். போனால், தங்குவதற்கு அவருக்கு வேறு கூரை கிடையாது.

"முதல்ல ஹார்ட் எப்படின்னு சொல்லுங்க டாக்டர். ஹார்ட் சரியில்லாதவரை நான் கேட்ல நிறுத்த முடியாது."

"ஈசிஜி, ரத்தம் எல்லாம் சரியா இருக்கு. எதனால மயங்கினார்னுதான் எனக்குப் புரியல."

"வெயில்ல நின்னிருப்பார்" என்றார் லெஸ்லி.

ஆடி மாத நடுவட்டத்தில் வெயில் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"நான் ஜீப்ல வந்து இறங்கறப்ப இந்தம்மா அமுக்கிட்டிருந்தாங்க. கண்ணால பார்த்தேன். இதுக்கு முன்னாடி இருந்த ஆளை டியூட்டியில தூங்கினதுக்கு வீட்டுக்கு அனுப்பினேன். இவர் டியூட்டியில உயிரையே விடப் போனார். குணமாகி வாங்க வீரையா, வேலை உங்களுக்குத்தான்."

தெய்வம்மாவுக்குச் சால்வை போர்த்தப்பட்டது. கிளார்க் படம் எடுத்தார். லெஸ்லி பாசமாக வீரையாவின் தோளை அமுக்க, வீரையா "நன்றிங்க தொரை" என்று சொல்ல ஆரம்பித்து, "அம்மா" என்று முடித்தார். அது உணர்ச்சிவசப்பட்டு வந்த சத்தம் என்று லெஸ்லி எடுத்துக்கொண்டு கிளம்பினார். டாக்டரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

தெய்வம்மா ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. ஜீப் சத்தம் கேட்டுச்சு. உங்களை உலுக்கு உலுக்குனு உலுக்குனேன், கொறட்டை நிக்கவே இல்ல. தொரை கேட் பக்கத்துல வந்துட்டாரு. வேற வழி தெரியாம நெஞ்சுல கையை வெச்சுட்டேன்."

"தெரியும் புள்ள" என்றார் வீரையா, பாதி மூச்சில். "மொத எலும்புலயே முழிச்சுட்டேன். தொரை எறங்குறதைப் பாத்துட்டுத்தான் மறுபடியும் கண்ணை மூடுனேன்."