வெள்ளைக் காருக்கு வந்த நோய்

மீனம்மா ஒரு வாளித் தண்ணியைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தபோது, தேயிலைத் தோட்டத்து நலன்புரி அதிகாரி பேரின்பநாயகம் ஒரு நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

நோயாளி அவருடைய வெள்ளைக் கார். கதவெல்லாம் பொடிப்பொடியாகச் செம்புள்ளி.

"ஐயா, நாங்க குடியிருக்கிற லயத்துக் குழா துருப்பிடிச்சு ஓட்டையாக் கெடக்குங்க. புள்ளைங்களுக்கு வயித்தால போவுது. நீங்க ஒரு வார்த்த சொன்னா மாத்தலாம்னு துரை சொல்லிட்டாருங்க. இந்தத் தண்ணியக் கொஞ்சம் பாருங்க."

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே! அவர் வாளிப் பக்கமே திரும்பவில்லை.

"உனக்கு எத்தினை தரம் சொல்றது? நல்ல தண்ணி எண்டு நான்தானே றிப்போட் எழுதினனான். காய்ச்சிக் குடியுங்கோ."

பிறகு கார் கழுவும் அழகனிடம் திரும்பினார். குரல் அப்படியே குழைந்துபோனது. கையில், லண்டனிலிருந்து மகன் அனுப்பிய போத்தல். காரில் ஒட்டிய இரும்புத் தூளைக் கரைக்கிற மருந்தாம்.

"வெயில் படாமல் நிழலுக்கை விட்டனியே? ஒவ்வொரு கதவா அடி. ஊதா நிறமா வழியும். வழிஞ்ச உடனை தண்ணி ஊத்திப்போடு. காய விட்டியோ, கறை பிடிச்சிடும்."

பெற்ற பிள்ளைக்காவது இவ்வளவு பக்குவமாக மருந்து கொடுத்திருப்பாரோ என்னமோ! மீனம்மா வாளியை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

அழகன் அடித்தான். புள்ளியெல்லாம் ஊதாவாக வழிந்தது.

"பாத்தியே, முழுக்க இரும்பு! எங்கையிருந்தடா வந்தது?"

அழகன் தலையைச் சொறிந்தான். "குவார்ட்டர்ஸ் குழாயில தண்ணி வரலீங்களே. ரெண்டு மாசமா லயத்துத் தண்ணியிலதாங்க கழுவுறேன்."

அதற்குள் கதவு ஓரத்தில் மருந்து காயத் தொடங்கிவிட்டது. அழகன் பதறிப்போய் மீனம்மாவின் வாளியைத் தூக்கினான்.

"டேய், டேய்! உந்தத் துருத்தண்ணியை ஊத்தாதையடா! கார் நாசமாப் போயிடும்! உள்ளுக்கை நான் குடிக்கிற பீலித் தண்ணி கிடக்கு, அதை எடுத்து ஊத்து!"

மலை உச்சியில் ஊற்று விழுகிற பீலியிலிருந்து தினமும் அவருக்கென்று சுமந்து வருகிற தண்ணி. ஊற்றியதும் கார் பளபளவென்று குணமாகிவிட்டது.

மீனம்மா மெதுவாகக் கேட்டாள். "ஏங்கய்யா, இப்பத்தான நல்ல தண்ணின்னீங்க?"

அவர் மருந்துப் போத்தலின் மூடியை இறுக்கித் திருகினார்.

"ஓமோம்... பீலியிலை இருந்து புதுக் குழாய் போடத்தான் வேணும். இண்டைக்கே துரையோடை கதைக்கிறன்."

"சத்தியமாவாங்க?"

"பிள்ளையாராணை!"

மீனம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாய்தான் அப்படி, மனசு தங்கம்" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சொன்ன சொல் தவறவில்லை மகராசன். மறு கிழமையே லொறியில் குழாய் வந்து இறங்கியது. லயத்து ஆம்பளைகள் வேலை விட்டு வந்து, கூலி கேட்காமல் குழி வெட்டிக் கொடுத்தார்கள். மாரியம்மன் கோயிலில் மீனம்மா தேங்காய் உடைத்தாள்.

புதுக் குழாய் பீலியிலிருந்து இறங்கி, லயத்து வாசல் வழியாகவே வந்தது. வந்த வேகத்தில் நிற்காமல் போய், ஐயாவின் கார் ஷெட்டில்தான் வாயைத் திறந்தது.